எடுத்த இலக்கில் நிலைத்து நிற்பது: ஓர் எளிய விளக்கம்

ஓர் இலக்கைக் கைவிடுகிறவர்களில் பலர் "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்று ஒருநாளும் முடிவெடுப்பதில்லை. அது தானாகவே நழுவிப் போகிறது. இந்த வாரம் வேலை அதிகம், அடுத்த வாரம் உடம்பு சரியில்லை, அதற்கடுத்த வாரம் வேறேதோ. ஆறு மாதம் கழித்து யாராவது "அது என்ன ஆச்சு?" என்று கேட்கும்போதுதான் நின்றுபோனதே தெரியவருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த வகை. இன்னொரு வகை நழுவலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது கடினம். வெளியிலிருந்து பார்த்தால் அது விடாமுயற்சி போலவே இருக்கும்.

ஒருவர் புதிதாக ஒரு மொழியில் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். முதல் மாதம் தினமும் ஒரு மணி நேரம் படிக்கிறார். அப்புறம் அரை மணி. அப்புறம் கைபேசிச் செயலியில் ஐந்து நிமிடம். "தொடர்ந்து 200 நாள்!" என்று செயலி பாராட்டுகிறது. அந்த எண் அறுந்துவிடக் கூடாதே என்று நள்ளிரவுக்குச் சற்று முன் அவசரமாக ஒரு பாடத்தைத் தட்டி முடித்துவிட்டுத் தூங்குகிறார். ஆனால் அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் இன்றுவரை ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. இவரிடம் விடாமுயற்சி இல்லை என்று சொல்ல முடியுமா? தாராளமாக இருக்கிறது. அது மொழியை விட்டு எண்ணின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான ஆளையும் நமக்குத் தெரியும். பத்து வருடமாக ஒரு நாவல் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். இலக்கு ஒரு அங்குலம்கூட மாறவில்லை. எழுத்தும் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

உழைப்பு ஒன்று, திசை ஒன்று

ஆக, எடுத்த காரியத்தில் நிலைத்து நிற்பதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சலிப்பு வந்தாலும் தடை வந்தாலும் உழைப்பை நிறுத்தாமல் இருப்பது. மற்றொன்று, உழைப்பு எதற்காகத் தொடங்கியதோ அதை நோக்கியே போகிறதா என்று பார்த்துக்கொள்வது. முதலாவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே குறைவு. பல இலக்குகள் தொலைவது அந்த இரண்டாவது இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

உளவியலிலும் இந்தப் பிரிவு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலா டக்வொர்த் 2007இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையில், நீண்டகால இலக்குகளில் நிலைத்து நிற்கும் பண்பை அளக்க 12 கூற்றுகள் கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தந்தார். அதில் பாதி உழைப்பு விடாமல் தொடர்கிறதா என்பதைப் பற்றியது. மீதிப் பாதி, ஆர்வம் வருடத்துக்கு வருடம் தாவாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதைப் பற்றியது. "கிரிட்" என்ற பெயரில் இந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடங்களிலிருந்து நிறுவனப் பயிற்சி வகுப்புகள் வரை அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

அப்புறம் 2017இல் ஒரு பெரிய மறுபரிசீலனை வந்தது. 88 மாதிரிகளில் 66,807 பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தெரியவந்தவை இரண்டு. இந்தப் பண்பு, உளவியலாளர்கள் வெகுகாலமாக அளந்துவரும் பொறுப்புணர்வு என்ற பண்போடு பெருமளவு ஒத்துப்போகிறது. அதாவது அவ்வளவு புதிய சரக்கு இல்லை. இரண்டாவது, சாதனையோடு நெருங்கிய தொடர்பு காட்டியது உழைப்புப் பாதிதான். ஆர்வம் நிலையாக இருப்பது அவ்வளவு தொடர்பு காட்டவில்லை.

சரி, அப்படியானால் திசை முக்கியமில்லையா? அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வித்தாள் அளப்பது ஒருவருக்குப் புதுப்புது விஷயங்களில் மனம் தாவுகிறதா என்ற சுபாவத்தை. ஒரு குறிப்பிட்ட இலக்கைக் கையில் எடுத்தவர் அதை அவ்வப்போது எடுத்துப் பார்த்துச் சரிசெய்கிறாரா என்பது வேறு கேள்வி. அது சுபாவம் இல்லை, செய்கிற காரியம். இந்தக் கட்டுரை முழுக்க அப்படியே பார்க்கப்போகிறோம். குணம் என்று எடுத்துக்கொண்டால் "எனக்கு அது பிறவியிலேயே கிடையாது" என்று நழுவிக்கொள்ள வசதியாகிவிடும்.

எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது

ஓர் இலக்கை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மேலே, ஏன் இது வேண்டும் என்ற காரணம். நடுவே, அடைய வேண்டியது எது என்பது. கீழே, இன்றைக்கு எந்த வழியில் போகிறோம் என்பது. உறுதி மேலே இருக்க வேண்டும். கீழே போகப் போக வளைந்துகொடுக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பது என்ற வழியைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். எதற்காகப் படிக்கிறோம் என்பதை மூன்று மாதமாக நினைத்தே பார்த்திருக்க மாட்டோம்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940இல் அலுவலகங்களைப் பற்றி எழுதியபோது இதைக் கவனித்துச் சொன்னார். ஒரு நோக்கத்துக்காக விதிகள் உருவாகின்றன. நாளடைவில் விதியைக் காப்பாற்றுவதே நோக்கமாகிவிடுகிறது. செயலியின் எண்ணைக் காப்பாற்றியவர் தனக்குள்ளேயே அப்படி ஓர் அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்கிறார்.

அடுக்குகளைச் சரியாகக் கையாண்ட ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். கணிதம் பிடிக்காதவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், கணக்கு எதுவும் போடப்போவதில்லை.

இரண்டு வர்க்க எண்களைக் கூட்டினால் இன்னொரு வர்க்க எண் கிடைப்பதுண்டு. 9உம் 16உம் சேர்ந்தால் 25. ஆனால் கன எண்களிலோ அதற்கு மேற்பட்ட அடுக்குகளிலோ இப்படி ஒருபோதும் அமையாது என்று 1637 வாக்கில் பிரெஞ்சுக்காரர் பியர் டி ஃபெர்மா ஒரு புத்தக ஓரத்தில் எழுதி வைத்தார். நிரூபணம் தன்னிடம் இருப்பதாகவும், எழுத இடம் போதவில்லை என்றும் குறிப்பு வேறு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பிரிட்டனில் ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற சிறுவன் பத்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில் இதைப் படித்துவிட்டு, இதை நான் தீர்ப்பேன் என்று முடிவுசெய்தான். பதின்ம வயதில் முயன்றும் பார்த்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது வருகிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்ததும் வைல்ஸ் ஃபெர்மாவை ஒதுக்கி வைத்துவிட்டார். அந்தப் புதிரை உடைக்கும் கருவி அப்போது யாரிடமும் இல்லை. வருடக்கணக்கில் உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகக்கூடும். அவருடைய வழிகாட்டி ஜான் கோட்ஸ் அவரை எலிப்டிக் வளைவுகள் என்ற துறைக்கு அனுப்பினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் வைல்ஸ் அதில்தான் வேலை செய்தார். தினமும் செய்தால்தான் விடாமுயற்சி என்று அளப்பவர்கள் அந்தக் காலத்தில் அவரைப் பார்த்திருந்தால், சின்ன வயதுக் கனவை மூட்டைகட்டிவிட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1986இல் கென் ரிபெட் என்பவர் ஒரு தொடர்பை நிரூபித்தார். தனியாமா, ஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியக் கணிதர்களின் பெயரால் வழங்கும் ஓர் ஊகம் உண்மையானால் ஃபெர்மா சொன்னதும் உண்மையாகிவிடும். அந்த ஊகம் எதைப் பற்றியது தெரியுமா? எலிப்டிக் வளைவுகளைப் பற்றியது. வைல்ஸ் உடனே மற்ற ஆய்வுகளைக் குறைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் வீட்டு மாடியறையில் உழைத்தார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். உலகச் செய்தியானது. சில மாதங்களில், சரிபார்க்கும்போது அதில் ஓர் ஓட்டை தெரிந்தது.

அடுத்த ஏறத்தாழ ஓராண்டு, இந்த முறை உலகமே பார்த்துக்கொண்டிருக்க, முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அதை அடைக்கப் பார்த்தார். முடியவில்லை. 1994 செப்டம்பரில், கைவிடுவதற்கு முன் இந்த வழி ஏன் வேலை செய்யவில்லை என்றாவது புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தார். அப்போதுதான், தோற்றுப்போன அந்த வழியையும் சில ஆண்டுகளுக்கு முன் தானே கைவிட்டிருந்த இன்னொரு வழியையும் சேர்த்தால் ஓட்டை அடைபடும் என்பது தெரிந்தது. நிரூபணம் 1995இல் அச்சேறியது.

முப்பது ஆண்டுகளில் மேல் அடுக்கு மாறவே இல்லை. கீழ் அடுக்கு எத்தனையோ முறை மாறியது. வழி இல்லாதபோது முட்டிக்கொண்டு நிற்கவில்லை, பக்கத்துத் துறையில் கருவிகளைச் சேர்த்தார். வழி திறந்ததும் மற்றதைக் குறைத்தார். கைவிட்ட வழிகூடக் கடைசியில் பயன்பட்டது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட கதைகள் வென்றவர்களுடையவை. அதே புதிரில் வாழ்நாளைச் செலவிட்டு வெல்லாமல் போனவர்கள் இந்த நூற்றாண்டுகளில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர்களைப் பற்றி நாம் கட்டுரை எழுதுவதில்லை. ஆகவே "விடாமல் நின்றார், அதனால் வென்றார்" என்று இதைப் படிக்காதீர்கள். எதை விடாமல் நின்றார், எதை விட்டார் என்று படியுங்கள்.

மேல் அடுக்கைப் பிடித்துக்கொள்வதில் ஒரு கள்ளத்தனமும் நுழையலாம். மருத்துவராக நினைத்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. "நோயாளிகளுக்கு உதவுவதுதானே நோக்கம், செவிலியர் படிப்பிலும் அது நடக்கும்" என்கிறார்கள். உண்மையிலேயே அவருடைய காரணம் அதுவானால் இது நல்ல வழி மாற்றம். ஆனால் அவரை இழுத்தது அறுவை சிகிச்சை செய்யும் அந்தக் கைவேலை என்றால், இது வழி மாற்றம் இல்லை, ஆறுதல். காரணத்தை எவ்வளவு உண்மையாக எழுதி வைக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் இந்த அடுக்குக் கணக்கு உதவும். எழுதி வைப்பது என்றால் நிஜமாகவே தாளில், தொடங்கிய முதல் வாரத்திலேயே. பிறகு எழுதினால் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோமோ அதற்கேற்ற காரணத்தை மனம் தயாரித்துக் கொடுத்துவிடும்.

நடுவில் ஏன் தொய்வு வருகிறது

உழைப்புப் பக்கம் வருவோம். 1932இல் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர், உணவு வைத்திருக்கும் இடத்தை நெருங்க நெருங்க எலிகள் வேகமாக ஓடுவதைப் பற்றி எழுதினார். மனிதர்களும் இதில் விதிவிலக்கில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு காபி இலவசம் என்ற அட்டை வைத்திருந்தவர்கள், பத்தை நெருங்க நெருங்க அடிக்கடி காபி வாங்க வந்தார்கள். முடிவு கண்ணில் பட்டால் கால் தானே வேகமெடுக்கிறது.

இதன் மறுபக்கம்தான் நம் பிரச்சினை. தொடக்கத்தில் புதுமை இழுக்கிறது, முடிவில் நெருக்கம் இழுக்கிறது, நடுவில் இரண்டுமே இல்லை. செய்தது போதுமான அளவு பெரிதாகவும் தெரியாது, மீதமிருப்பது சிறிதாகவும் தெரியாது. நடுவில் வருகிற சலிப்பைப் பார்த்து "எனக்கு ஆர்வம் போய்விட்டது போல" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்வம் எங்கும் போகவில்லை. நிற்கிற இடம் அப்படி.

இதற்கு உதவுகிற எளிய வழி ஒன்று: எந்தப் பக்கம் சிறிதோ அந்தப் பக்கத்தை எண்ணுவது. பாதிவரை, எவ்வளவு முடித்தோம் என்று எண்ணுங்கள். பாதி தாண்டியதும், எவ்வளவு மீதி என்று எண்ணுங்கள். இருபது அத்தியாயத்தில் மூன்று முடிந்திருக்கும்போது "இன்னும் பதினேழு" என்று எண்ணினால் மனம் சோர்ந்துவிடும், "மூன்று முடிந்தது" என்பது தெம்பு தரும். பதினேழு முடிந்தபின் "இன்னும் மூன்றே" என்பதுதான் இழுக்கும். மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நீண்ட இலக்கைத் துண்டுகளாக நறுக்குவதும் இதற்காகத்தான். துண்டு சிறிதானால் அதன் நடுப்பகுதியும் சிறிதாகிவிடும்.

முன்னேற்றமே கண்ணுக்குத் தெரியாத இலக்குகளில் இந்த எண்ணிக்கை வித்தை செல்லாது. உயிர்வேதியியலாளர் காத்தலின் காரிகோ, புரதம் தயாரிக்கும் குறிப்பைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை மருந்தாக்க முடியும் என்று நம்பி உழைத்தவர். மானியங்கள் கிடைக்காமல், 1995இல் பணிபுரிந்த பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கமும் ஆனார். பிறகு நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனைச் சந்தித்து, இருவருமாக 2005இல் அந்த மூலக்கூறு உடலில் அழற்சியைத் தூண்டாமல் இருக்க ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் பெரிய வரவேற்பு இல்லை. எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்கு அது அடித்தளமாகி, 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பல ஆண்டுகள் வெளியிலிருந்து எந்த முத்திரையும் விழாத அட்டை அது. இப்படிப்பட்ட வேலைகளில் நிலைத்து நிற்கப் பாராட்டை எதிர்பார்த்துப் பயனில்லை. இன்றைய சோதனை நேற்றைவிட ஏதாவது சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க முடியும்.

ஒரு நாள் தவறினால்

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி "குறைந்தது" உதிர்ந்தது, முகம் போய்ப் பழக்கம் வந்தது, ஒரு விதியாகிவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பகமானது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிறு நடை போன்ற எளிய செயல்கள்தான். அது யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. (ஆய்வு நடந்ததே 84 நாள். 254 எங்கிருந்து வந்தது என்றால், அந்த ஆளின் வளைவு எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டுச் சொன்னது.) ஆகவே 66 என்பதையும் புதிய 21 ஆக்கிவிடாதீர்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

பாதிப்பது, தவறிய பின் நாம் நினைப்பது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1975இல் வந்தது. வயிறு நிறைந்திருக்கும், குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று நினைப்போம். அவர்களோ மில்க் ஷேக் குடிக்காத கட்டுப்பாட்டுக்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்த பிறகு இன்று எவ்வளவு சாப்பிட்டால் என்ன? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற அதே நியாயம். ஒரு கரண்டி ஏற்படுத்தும் சேதத்தைவிட இந்த நியாயம் ஏற்படுத்தும் சேதம் பெரிது.

தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதும் வேண்டாம். அது தண்டனையாகிவிடும், தண்டனையாக மாறிய வேலையை மனம் தள்ளிப்போடும். வழக்கமான அளவிலேயே, முடிந்தால் அதைவிடச் சிறிதாக, மறுபடி தொடங்கினால் போதும்.

எப்போது, எங்கே

"தினமும் எழுதுவேன்" என்பது ஆசை. "இரவு சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதுவேன்" என்பது திட்டம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த இரண்டாவது வகையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். இன்ன சூழ்நிலை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதுதான் அது. பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட தொகுப்பு, 94 தனித்தனிச் சோதனைகளை எடுத்துக்கொண்டு, இந்த வகைத் திட்டம் இலக்கை எட்டுவதற்குக் குறிப்பிடத்தக்க அளவு உதவுவதைக் காட்டியது. காரணம் எளிது. அந்த நேரத்தில் உட்கார்ந்து "செய்யலாமா, வேண்டாமா" என்று வாதாட வேண்டியதில்லை. வாதம் முன்பே முடிந்துவிட்டது. களைத்த மனத்தோடு வாதாடினால் ஜெயிப்பது எப்போதும் களைப்புதான்.

முடிச்சைப் போடும்போது மணியை நம்புவதைவிட நிகழ்ச்சியை நம்புவது நல்லது. எட்டு மணி கவனிக்காமல் கடந்துபோகும். தட்டு கழுவுவது கடந்துபோகாது.

தடைகளுக்கும் இதே மாதிரி முடிச்சுப் போடலாம், அதுதான் இன்னும் பயனுள்ளது. கேப்ரியேல் ஊட்டிங்கன், தாமஸ் வாடன் இருவரும் எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களைக் கவனித்து 1991இல் எழுதினார்கள்: வெல்வோம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது, ஆனால் வென்றுவிட்டது போல இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. கனவிலேயே மலை ஏறி இறங்கிவிட்டவருக்கு நிஜ மலையில் அவசரம் இருக்காது. ஊட்டிங்கன் பிறகு வளர்த்த முறை, விரும்புவதை நினைத்துப் பார்த்த கையோடு, எனக்குள் இருக்கும் எது குறுக்கே வரும் என்றும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறது. "எழுத உட்காரும்போது முதல் வரி சரியில்லை என்று கைபேசியை எடுப்பேன்" என்று தெரிந்துவிட்டால், "கை கைபேசிக்குப் போனால், மோசமான ஒரு வரியை வேண்டுமென்றே எழுதிவிட்டுத் தொடருவேன்" என்று முடிச்சுப் போடலாம்.

விடுவது எப்போது சரி

இதைச் சொல்லாமல் விடாமுயற்சியைப் பற்றி எழுதுவது பாதி வேலை. 1985இல் ஹால் ஆர்க்கிஸ், கேத்தரின் புளூமர் இருவரும் ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டுகளை (ஒரு பருவத்தின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே வாங்குபவை) வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாங்க வந்தவர்களில் சிலருக்கு, குலுக்கல் முறையில், விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் அதேதான். செலவழித்த பணம்தான் இழுத்து வந்தது. ஆண்டுகளைச் செலவழித்த இலக்கும் இப்படித்தான் இழுக்கும். அந்த இழுப்பை நாம் உறுதி என்று நினைத்துக்கொள்வோம்.

பிரித்தறிய ஒரு கேள்வி உண்டு: இதுவரை போட்ட உழைப்பு எதுவும் போடாமல், இன்று புதிதாக நிற்கிறேன் என்றால், இதைத் தொடங்குவேனா? நல்ல கேள்விதான், ஆனால் தோல்வி வந்த அன்று இதைக் கேட்கக் கூடாது. அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். ஓரளவு நன்றாகப் போன ஒரு நாளில் கேட்டும் "தொடங்க மாட்டேன்" என்றே வந்தால், அந்தப் பதிலை மதிக்க வேண்டும்.

மலையேறுபவர்கள் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்று கீழே இருக்கும்போதே நேரம் குறித்துக்கொள்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் க்ராப் 1995 அக்டோபரில் சொந்த நாட்டிலிருந்து சைக்கிளிலேயே எவரெஸ்ட்டை நோக்கிக் கிளம்பியவர். 1996 மே மாதத் தொடக்கத்தில், உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, நேரமாகிவிட்டது என்று திரும்பி இறங்கினார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்தவர். அதே மாதம் 10ஆம் தேதி தொடங்கிய புயலில் அந்த மலையில் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் பிற்பகல் வெகுநேரம் கழித்து உச்சியை அடைந்தவர்கள். க்ராப் மே 23ஆம் தேதி மறுபடி ஏறி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே உச்சியைத் தொட்டார். அன்று திரும்பியபோது அவர் விட்டது ஒரு முயற்சியை மட்டும்தான்.

இலக்கையே விட வேண்டி வருவதும் உண்டு. எட்ட முடியாதென்று ஆகிவிட்ட இலக்கை விட முடிந்தவர்கள், விட முடியாதவர்களைவிட மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் வ்ரோஷ் குழுவினர் 2003இலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். விட்ட இடத்தில் பொருள் தரும் வேறொன்றைப் பிடித்துக்கொள்வதும் இதற்கு உதவுகிறது. வெறுமனே விட்டுவிட்டால் அந்த நேரம் பழைய இலக்கை நினைத்து வருந்தவே செலவாகும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றில்லை. தொடக்கத்தில் ஒரு தாள் போதும். ஏன் தொடங்குகிறேன் என்று ஒரு வரி. எந்த நிகழ்ச்சிக்குப் பின் வேலையில் உட்காருவேன் என்று ஒரு வரி. என்ன நடந்தால் வழியை மாற்றுவேன், என்ன நடந்தால் விடுவேன் என்று ஒரு வரி. கீழே, இதை மறுபடி எடுத்துப் பார்க்கும் தேதி. அந்தத் தேதியை நடுப்பகுதியின் தொய்வு தொடங்கும் வாரத்தில் வைக்காதீர்கள். அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு வருட இலக்கு என்றால் எட்டாவது மாதம் பொருத்தமாக இருக்கும்.